உலக சினிமா திரையிடலா? முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்படச் சங்கங்கள் நடத்தும் திரையிடல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் சில வாரங்களாக வரும் வாசகர் கடிதங்களைப் படித்துவருகிறேன். 'படம் நகரவே இல்லை', 'பாதி நேரம் சத்தமே வரவில்லை, மீதி நேரம் ஒரே இரைச்சல்', 'இடைவேளைக்கு முன்பே எழுந்து வந்துவிட்டோம்' என்பவைதான் பெரும்பாலான புகார்கள். எழுதியவர்கள் மிகைப்படுத்தவில்லை, அவர்கள் பார்த்தது அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சலிப்புக்குப் படத்தைவிட, அரங்கிலிருந்த வயரும் ஒலிப்பெட்டியும் மின்விசிறியும்தான் கூடுதல் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். மாற்று சினிமாவில் கதை சொல்லும் வேலையில் பாதியை ஓசை செய்கிறது. அந்தப் பாதி காதில் விழாவிட்டால் மிச்சம் இருப்பது மெதுவாக நகரும் காட்சிகள் மட்டும்தான்.

ரஷ்ய இயக்குநர் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் இசை எப்படிப் பிறந்தது என்பது தமிழ் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. கிழக்கும் மேற்கும் ஒன்றாகக் கலந்த ஓர் இசை வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். இசையமைப்பாளர் எதுவார்த் அர்த்தேமியேவ் 14ஆம் நூற்றாண்டின் இத்தாலியப் பக்திப் பாடல் ஒன்றை எடுத்தார். அஜர்பைஜானிலிருந்து தார் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவரை வரவழைத்தார். பின்னால் ஆர்கெஸ்ட்ரா வைத்துப் பதிவுசெய்தார். பதிவு முழுவதும் கூடவே இருந்து கேட்ட தார்க்கோவ்ஸ்கி, கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன்பின் அர்த்தேமியேவுக்குக் கைகொடுத்தது நம் தம்புரா. இந்திய சாஸ்திரிய இசையில் மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த ஆதார சுருதி, அசையாமல் நிற்கும் வெளி போன்ற உணர்வை அவருக்குத் தந்திருக்கிறது. அதே மாதிரி ஒரு நீண்ட அடிநாதத்தை சின்தி 100 என்ற சின்தசைசரில் உருவாக்கி, அதன் மேல் தாரையும் புல்லாங்குழலையும் ஒலிக்கவிட்டார். தாரின் வேகத்தைக் குறைத்தார். குழலின் ஒலியை மாற்றினார். எது கிழக்கு, எது மேற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் இசை கிடைத்தது.

ஆக, அந்தப் படத்தின் அஸ்திவாரம் ஒரு சுருதி. கச்சேரியில் தம்புரா கேட்காவிட்டால் பாடகர் அந்தரத்தில் தொங்குவது நமக்கு உடனே தெரியும். 'ஸ்டாக்கர்' திரையிடப்படும் பல அரங்குகளில் நடப்பதும் இதுவேதான். கல்லூரிக் கருத்தரங்கக் கூடங்களிலும் நூலகக் கூடங்களிலும் சுவரில் மாட்டியிருக்கும் மெலிந்த நீள ஒலிப்பெட்டிகள் மேடைப் பேச்சுக்காக வாங்கியவை. 100, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றில் சத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். பேச்சுக்கு அது நல்லது, எதிரொலி குறையும். ஆனால் அடிநாதம் போய்விடுகிறது. மேலே தாரும் குழலும் மட்டும் கீச்சென்று ஒலிக்கின்றன.

இதற்குத் தீர்வு அவ்வளவு செலவுள்ளதல்ல. 12 அங்குலமோ 15 அங்குலமோ உள்ள, தாழ்ந்த ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் கொண்ட இருவழி ஒலிப்பெட்டி இரண்டு, ஊரில் உள்ள எந்த மைக்செட் கடையிலும் ஒரு மாலைக்கு வாடகைக்குக் கிடைக்கும். திரைக்கு இடமும் வலமுமாக ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெட்டியின் மேல்பகுதியில் இருக்கும் ஹார்ன், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மூலையில் தள்ளி வைத்தால் அடியோசை வீங்கிக் குழம்பிவிடும். சுவர்களிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள்.

அடுத்ததாகச் சொல்லப்போவது அதிகம் பேருக்குத் தெரியாத கோளாறு. 'வசனமே கேட்கவில்லை' என்ற புகாருக்கு முதல் காரணம் இதுதான் என்பேன். ஒரு முனையில் லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் செருகும் இ.பி. என்ற சிறிய ஸ்டீரியோ பின், மறுமுனையில் மைக் வயரில் இருப்பது போன்ற ஒரே ஒரு கேனன் பின். இப்படி ஒரு வயரை மிக்சரின் மைக் சேனலில் செருகிவிட்டால், அந்த சேனல் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும்தான் வெளியே தரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் எதுவும் அதில் காணாமல் போகும். வசனம் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக இருப்பது. ஆகவே முதலில் மறைவது வசனம். சுற்றி இருக்கும் எதிரொலியும் மழைச் சத்தமும் மட்டும் ஏதோ குகைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். 'ஸ்டாக்கர்' போன்ற, இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ படத்தில் நிலைமை இன்னும் மோசம், கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். உடனே இயக்குபவர் ஒலியளவை ஏற்றுவார். வயரின் இரைச்சல் மட்டும் பெரிதாகும். பார்வையாளருக்குக் கிடைப்பது 'சத்தமே இல்லை, இரைச்சல்தான்' என்ற அனுபவம். கடிதம் எழுதிய வாசகர்கள் சொன்னதும் அதேதான்.

சோதிப்பது எளிது. லேப்டாப்பின் ஒலி அமைப்பில் வலது சேனலை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். வசனம் சட்டென்று திரும்பினால் தவறு வயரில்தான். இ.பி. ஸ்டீரியோ பின்னிலிருந்து பி-38 என்ற பெரிய மோனோ பின்கள் இரண்டாகப் பிரியும் வயரை வாங்கி, மிக்சரில் இரண்டு தனித்தனி லைன் சேனல்களில் செருகி, ஒன்றை இடதுக்கும் மற்றொன்றை வலதுக்கும் திருப்பினால் முடிந்தது.

வயரைச் சரிசெய்தபின் சிலசமயம் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் கேட்கும். லேப்டாப் சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் வேறு வேறு பாதையில் போய்ச் சுற்று ஒன்றை உண்டாக்குவதால் வருவது இது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஹம்மும் 50, 100 ஹெர்ட்ஸில் நிற்கும். சண்டைப் படத்தில் இது யாருக்கும் தெரியாது. அடிநாதத்தை நம்பியிருக்கும் படத்திலோ, இரண்டு தம்புராக்களை வேறு வேறு சுருதியில் சேர்த்ததுபோல் ஆகிவிடும். லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டலாம். 161 நிமிடம் ஓடும் 'ஸ்டாக்கர்' போன்ற படத்துக்குப் பேட்டரி தாங்காது என்றால், மைக்செட்காரரிடம் டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டியைக் கேட்டு வாங்கி, லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே வைத்து, அதில் எர்த்தைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்திவிட வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது.

ஒலியளவு அடுத்த பிரச்சினை. அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷின் 'டெட் மேன்' (1995) கறுப்பு வெள்ளைப் படம். அதன் இசையை ராக் கலைஞர் நீல் யங் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. தொகுத்த படத்தைத் திரையில் ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே பெரும்பாலும் ஒற்றை எலக்ட்ரிக் கிதாரில் வாசித்தார். இதற்கு முன்னோடியும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் இயக்கிய முதல் கதைப்படத்துக்காக 1957 டிசம்பர் 4ஆம் தேதி இரவு பாரிஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் நான்கு வாத்தியக்காரர்களும் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டபடி வாசித்ததும் இப்படித்தான். கலைஞர் ஒரு முகத்தைப் பார்த்து அந்த நொடியில் தந்த பதில் அது. 'டெட் மேன்' படத்தில் பேச்சு தாழ்ந்து கிடக்கும். கிதார் திடீரென்று வெடித்து, நீண்ட மௌனத்துக்குள் அமிழும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அந்தப் படத்தின் சாவு பயமும் சாந்தமும் இருக்கின்றன.

அரங்கில் என்ன நடக்கிறது? பேச்சு கேட்கவில்லையென்று ஒருவர் ஒலியைக் கூட்டுகிறார். கிதார் வந்ததும் பதறிக் குறைக்கிறார். மறுபடி கூட்டுகிறார். நீல் யங் வாசித்ததன் மேல் இன்னொருவர் கைப்பிடி திருகி வாசிப்பதற்குச் சமம் அது. முறை இதுதான்: படத்தில் சாதாரணமாகப் பேசும் காட்சி ஒன்றை ஓடவிடுங்கள். நடுவரிசை நாற்காலியில் கைபேசியின் ஒலியளவுச் செயலியை வைத்து, பேச்சு 65 முதல் 70 டெசிபல் காட்டும்படி அமையுங்கள். பிறகு படத்தின் மிக உரத்த இடத்தை ஓட்டிப் பாருங்கள். பெட்டி கரகரக்காமலும் 90 டெசிபலை ஒட்டியும் இருந்தால் போதும். அதற்குப் பின் படம் முடியும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. லேப்டாப்பிலும், படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி.யிலும் ஒலி 100 சதவீதத்தில் நிற்கட்டும், வி.எல்.சி.யில் அதற்கு மேல் ஏற்றினால் உரத்த இடங்கள் உடைந்து கேட்கும். விண்டோஸில் 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். மௌனத்தைத் தூக்கியும் வெடிப்பை அமுக்கியும் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்குவதுதான் அதன் வேலை. ஆறு சேனல்களாகப் பிரிந்த 5.1 ஒலியுள்ள கோப்பு என்றால், அதை ஸ்டீரியோவாகக் கலந்து அனுப்பும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் வசனம் தாங்கும் நடுச் சேனல் எங்கும் போய்ச் சேராது. புளூடூத் பெட்டி வேண்டவே வேண்டாம். உதடு அசைந்தபின் குரல் வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் தலைக்கு மேல் பன்னிரண்டு மின்விசிறிகள் சுற்றினால் பயனில்லை. நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் உறுமல், காற்று, பூச்சிச் சத்தம், சேவலின் சிறகடிப்பு, தொண்டை கட்டிய பாண்டியின் குரல், கிட்டத்தட்ட வாயே திறக்காத மீனாவின் மௌனம். இவைதான் அந்தப் படத்தின் இசை. மின்விசிறி இரைச்சலில் மீனாவின் மௌனம் வெறும் சத்தமின்மையாகிவிடும். அவள் மௌனத்தைச் சுற்றி ஊர் எழுப்பும் ஓசை கேட்டால்தான் அவள் எதை மறுக்கிறாள் என்பது உறைக்கும். திரையிடலுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏ.சி.யைப் போட்டு அறையைக் குளிர்வித்து, படம் தொடங்கும்போது விசிறியின் வேகத்தைக் குறைத்துவிடலாம். ஏ.சி. இல்லாத கூடமென்றால் கோடையில் மாலை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. புரொஜெக்டரின் விசிறியும் சத்தம் போடும். அதற்கு, வெளிச்சத்தையும் விசிறியின் வேகத்தையும் குறைக்கும் ஈக்கோ மோடு இருக்கிறது. பத்தடி அகலத் திரையின் பரப்பு சுமார் 56 சதுர அடி. நல்ல இருட்டில் சதுர அடிக்கு 14 லூமன் விழுந்தாலே திரையரங்கின் வெளிச்சம் வந்துவிடும். அதாவது 800 லூமன். கையிலிருப்பது 3000 லூமன் புரொஜெக்டர் என்றால் ஈக்கோ மோடு தாராளம். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டும் வேலைக்குச் சோம்பிக்கொண்டுதான் வெளிச்சத்தைக் கூட்டுகிறோம், கூடவே விசிறியின் சத்தமும் ஏறுகிறது.

டைல்ஸ் போட்ட கூடத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். கணீரென்று ஒரு விநாடிக்கு மேல் நின்றால் பேச்சு குழம்பும். பின்சுவரில் கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து அரை அடி தள்ளித் தொங்கவிட்டு, முன்வரிசைக்கு முன்னால் தரையில் பவானி ஜமுக்காளங்களை விரித்தாலே நல்ல வேறுபாடு தெரியும்.

படத்தைப் பொறுத்தவரை தவறுகள் குறைவு, ஆனால் கண்ணை உறுத்துபவை. பழைய படங்கள் பல 1.37க்கு 1 என்ற சற்றே சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. 1920க்கு 1080 திரையில் அவற்றுக்கு 1480 புள்ளி அகலமே உரியது. இருபுறமும் 220 புள்ளி கறுப்பாக இருக்க வேண்டும். திரை நிரம்பவில்லையே என்று இழுத்தால் முகங்கள் 30 சதவீதம் அகலமாகும். பெரிதாக்கினால் நெற்றியும் மோவாயும் வெட்டுப்படும். 'ஸ்டாக்கர்' படத்தில், கதை மாந்தர்கள் நுழையும் தடைசெய்யப்பட்ட பகுதியான 'மண்டலத்துக்கு' வெளியே உள்ள உலகம் பழுப்பு நிறம். அதைக் கோளாறு என்று நினைத்துப் புரொஜெக்டரை டைனமிக் மோடில் போட்டுவிடுகிறார்கள். சினிமா மோடில் விட்டுவிடுங்கள். டி.வி.யில் திரையிடுவோர் மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன், ஆட்டோ மோஷன் பிளஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை அணைக்க வேண்டும். விநாடிக்கு 24 சட்டகம் உள்ள படத்தில் இல்லாத சட்டகங்களைச் செருகி மெகாசீரியல் போல வழுக்கவைப்பது அது.

சங்கங்களில் இன்னமும் புழங்கும் பழைய ஐரோப்பிய டிவிடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் அமைந்த டிவிடியில் 24 சட்டகப் படம் 25 சட்டகமாக ஓடும். 161 நிமிடப் படம் 155 நிமிடத்தில் முடிந்தால் இதுதான் காரணம். வேகம் கூடுவதால் சுருதியும் ஏறுகிறது: ஒரு கட்டையில் இருந்த இசை, ஒன்றரைக் கட்டையை நோக்கிப் பாதி தூரத்துக்கும் மேல் நகர்ந்திருக்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது இதைக் கண்டுபிடித்துவிடும். அதே கோப்புக்கு வேறு பதிப்பின் சப்டைட்டிலைப் போட்டால் மணிக்கு இரண்டரை நிமிடம் பிசகும். வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகளைத் தட்டிச் சரிசெய்வது தொடக்கம் முதல் ஒரே அளவு பிசகுக்கு மட்டுமே உதவும். போகப் போகக் கூடும் பிசகுக்கு சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்ற வேண்டும்.

திரையிடலைப் பற்றி மட்டுமல்லாமல், ராக் இசையின் மாற்று மரபு முழுவதையுமே 'இரைச்சல்' என்று எழுதிய வாசகருக்குத் தனியாகச் சில சொற்கள். அந்த மரபில் மை பிளடி வாலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' (1991) தொகுப்பு ஒரு நல்ல வாசல். கெவின் ஷீல்ட்ஸ் கிதாரின் ட்ரெமலோ கைப்பிடியைப் பிடித்தபடியே தந்திகளை மீட்டுவார். அதனால் ஒவ்வொரு ஒலிக்கற்றையும் இடைவிடாமல் மேலும் கீழும் அசையும். ஒரே இடத்தில் நிற்காத சுரத்தைக் கமகமாகக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாக இருக்க நியாயமில்லை. குரல் வேண்டுமென்றே கிதார்களின் மட்டத்துக்குத் தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டு வரிகளைப் பிடிக்க வேண்டுமென்று கைபேசியில் 'வோக்கல்' ஈக்வலைசரைப் போட்டால், கிடைப்பது உண்மையாகவே இரைச்சல்தான். எல்லா ஈக்வலைசரையும் அணைத்துவிட்டு, நல்ல வயர் ஹெட்போனில், குரலையும் ஒரு வாத்தியமாக எண்ணிக் கேட்டுப் பாருங்கள்.

காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் என்ற கனடாவின் மான்ட்ரியல் குழு சினிமாவுக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் மேடையில் வாசிக்கும்போது பின்னால் 16 மி.மீ. புரொஜெக்டர்களில் படச்சுருள் ஓடும்; அதை இயக்குபவரும் குழுவில் ஒருவர். 2000இல் வந்த அவர்களுடைய இரட்டை இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கே உருப்படிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம். கேட்பதற்கு அரிதான மெல்லொலியில் தொடங்கி, வயலினும் கிதாரும் தாளமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உச்சத்துக்கு வரும். பேருந்தில் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டால் முதல் சில நிமிடம் எதுவும் கேட்காது. அதன் சிறு ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது; பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ 41 ஹெர்ட்ஸ். பாட்டுச் செயலியின் அமைப்புக்குப் போய், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யமாக்குங்கள், இடைவெளியில்லாமல் ஓட்டும் கேப்லெஸ்ஸை இயக்குங்கள், ஒலியைச் சமப்படுத்தும் நார்மலைசேஷனை அணையுங்கள், கலைத்துப் போடும் ஷஃபிள் கூடவே கூடாது. ஒரு பக்கத்தை முழுதாக ஒரே அமர்வில் கேளுங்கள். ஒலியை மெல்லொலிக்காக ஏற்றிவைத்துவிடாதீர்கள்; உச்சத்தில் காது வலிக்கும். 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்பது காதுக்குக் கேடு.

ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்ஸாக்கின் 'அகிர்ரே' (1972) படத்துக்கு மூனிச்சின் போபோல் வூ குழு தந்த இசையைக் கேட்டுவிட்டு, அது மனிதக் குரலா வாத்தியமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கோரஸ் குரலின் நாடாச் சுருள் ஒன்று ஓடும் ஒருவகை ஆர்கன் அது. ஆண்டிஸ் மலைச்சரிவில் மூடுபனிக்குள் எறும்புச் சாரைபோலப் படை இறங்கிவரும் முதல் காட்சியில் அந்தக் குரல்கள் மூச்சே விடாமல் நீள்கின்றன. அந்த மனிதர்களுக்கு இனித் திரும்பும் வழி இல்லை என்பதை வசனத்துக்கு முன்பே அது சொல்லிவிடுகிறது. நல்ல பெட்டியில் கேட்ட எவரும் இதை இரைச்சல் என்று சொல்லிக் கேட்டதில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 'நகரில் இன்று' பகுதியில் திரையிடல்களுக்குப் படத்தின் பெயரும் இடமும் நேரமும் மட்டுமே வருகின்றன. படத்தின் முழு நீளம், சப்டைட்டில் தமிழிலா ஆங்கிலத்திலா, இடைவேளை உண்டா, தொடங்கியபின் கதவு சாத்தப்படுமா ஆகிய நான்கையும் சேர்த்து வெளியிடுங்கள். 'ஸ்டாக்கர்' இரண்டு பாகமாகவே எடுக்கப்பட்ட படம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே முதல் பாகம் முடியும். இடைவேளை அங்கேதான் விட வேண்டும். ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் 'சாத்தான்டாங்கோ' (1994) ஏழு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு இடைவேளையோடு, காலை பத்து மணிக்குத் தொடங்குகிறோம் என்று முதலிலேயே தெரிந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார்கள், நடுவில் எழுந்து போக மாட்டார்கள். சங்கங்களும் படத்துக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதே லேப்டாப், அதே வயர், அதே கோப்போடு முதல் ஐந்து நிமிடம், மிக மெல்லிய இடம், மிக உரத்த இடம், கடைசி ஐந்து நிமிடம் ஆகியவற்றை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். 'ஸ்டாக்கர்' என்றால் கடைசி ஐந்து நிமிடம் மிக முக்கியம். ரயில் கடந்துபோகும் இரைச்சலுக்கு அடியில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியின் கோரஸ் மங்கலாகக் கேட்க வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து, அது காதில் விழவில்லையென்றால் பெட்டியையும் வயரையும் மறுபடி பாருங்கள்.

இப்படிக்கு,
திரைப்படச் சங்க வாசகர்,
திருச்சி.